ஓயாச் சக்கரம் – 7: கலக்கிய கோல்

சென்ற வாரக் கதையைச் சுருக்கமாக நினைவூட்டிவிடுகிறேன். 1916 ஏப்ரலில், நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்டில், லூயிஸ் என்ரிக்ட் என்ற முதியவர் பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டு வைத்துத் தண்ணீரில் பச்சைத் திரவம் ஒன்றைக் கலந்தார். காரின் வெறும் தாங்கியில் அதை ஊற்றினார். கார் ஓடியது. ஒரு கலன் ஒரு சதத்துக்குத் தருவேன் என்றார். ஹென்றி ஃபோர்ட் வரை சேதி போய் அவரும் விசாரித்தார். சூத்திரம் மட்டும் கடைசிவரை யார் கைக்கும் வரவில்லை.

அதற்கு முந்தைய வாரங்களில், 1150 ஆம் ஆண்டளவில் பாஸ்கரர் எழுதிவைத்த பாதரசச் சக்கரத்தைப் பார்த்தோம். ஓயாமல் ஓடும் இயந்திரம் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் இனி ஆராயமாட்டோம் என்று 1775 இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகம் தீர்மானம் போட்டதையும் பார்த்தோம்.

தீர்மானம் போட்டால் வருகிறவர்கள் நின்றுவிடுவார்களா?

என்ரிக்டுக்குச் சரியாக எண்பது வருடம் கழித்து அதே தண்ணீர், அதே கூட்டம், அதே வியப்பு. இந்தத் தடவை எல்லாம் தமிழில் நடந்தது.

* * *

விலை ஏறிய ஆண்டு

1996 எப்படி இருந்தது என்று நம்மூரில் ஐம்பது தாண்டிய யாரையும் கேட்கலாம். மழை பொய்த்து மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றிப்போக, நாடு முழுக்க மணிக்கணக்கில் கரண்ட் வெட்டு. அதற்கு முந்தைய ஒக்டோபரில் கொலன்னாவ எண்ணெய்க் குதங்கள் தாக்கப்பட்டு எரிந்தன. எரிபொருள் என்ற சொல்லே பயத்தோடு வந்த காலம்.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கமும் நிலைமை சொகுசாக இல்லை. வளைகுடாப் போரில் எண்ணெய் விலை ஏறியபோது தங்கத்தை அடகு வைத்துத் தப்பிய நாடு இந்தியா. அந்தக் காயம் ஆறி ஐந்து வருடம்கூட ஆகவில்லை. 1996 ஜூனில் பதவிக்கு வந்த தேவகௌடா அரசு, ஜூலையிலேயே பெற்றோல், டீசல் விலையைத் தூக்கியது. தமிழ்நாட்டில் மே மாதம்தான் கருணாநிதி மீண்டும் முதல்வராகியிருந்தார்.

விலை ஏறிய சூடு ஆறுவதற்குள் ராஜபாளையம் பக்கமிருந்து ஒரு பெயர் கிளம்பியது: ராமர் பிள்ளை.

ஊர் இடையன்குளம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். அவர் சொன்ன கதை இதுதான்: பள்ளிக்கூட நாளில் மலைப்பக்கம் கூட்டாளிகளோடு போய்ச் சமைத்தபோது அடுப்பிலிருந்து தெறித்த பொறி ஒரு செடியில் விழுந்தது, பச்சை இலை குபீரென்று பற்றிக்கொண்டது. அன்றிலிருந்து அந்தச் செடியின் பின்னால் அலைந்து எரிபொருள் வடிக்கக் கற்றுக்கொண்டாராம்.

செய்முறை எளிது. இலையைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைப்பார். பிறகு உப்பு, எலுமிச்சைப் புளிப்பு, பெயர் சொல்லாத வேறு சில பொருட்கள். ஒரு கோலால் நன்றாகக் கலக்குவார். சற்று நேரம் தெளியவிட்டால் தண்ணீருக்கு மேலே எண்ணெய் மிதக்கும். அதை எடுத்துப் பற்றவைத்தால் எரியும். மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் ஓடும். லீற்றர் ஒரு ரூபாய் அளவில் கொடுக்க முடியும் என்றார்.

செடியின் பெயரைச் சொல்லவில்லை.

* * *

தில்லி

கிராமத்துச் சந்தையோடு நின்றிருந்தால் இது ஒரு வித்தை. பத்துப் பேர் பார்த்திருப்பார்கள், பத்து ரூபாய் விழுந்திருக்கும். ஆனால் 1996 இன் இரண்டாம் பாதியில் அந்தச் சட்டி தில்லிக்குப் போனது. தில்லி ஐஐடியில், விஞ்ஞானிகள் சூழ நிற்க, ராமர் பிள்ளை கொதிக்க வைத்தார், கலக்கினார், எண்ணெய் எடுத்தார்.

இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் அப்போது வலங்கைமான் ராமமூர்த்தி. சாதாரண அதிகாரி அல்ல. அணுக்கரு இயற்பியலில் பெயர் எடுத்தவர். அவரே வெளிப்படையாக வியந்தார். அமெரிக்காவின் 'சயன்ஸ்' சஞ்சிகை வரை செய்தி ஏறியது. 'மூலிகைப் பெற்றோல்' என்ற சொல் பிறந்தது.

எப்படி இது நடந்தது? படித்தவர்கள் முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுக் கடந்து போவது சுலபம். நம்மில் பலருக்கு அது இனிக்கவும் செய்யும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

செடிக்குள் எண்ணெய் இருக்கும் என்பது அன்றைக்கு ஒன்றும் பைத்தியக்கார எண்ணமல்ல. 1961 இல் வேதியியலுக்கு நோபல் பரிசு பெற்ற மெல்வின் கால்வின், 1970களில் எண்ணெய் விலை ஏறியதும் கள்ளிக் குடும்பத்துப் பாலிலிருந்து பெற்றோலியம் போன்ற எண்ணெய் எடுக்கலாமா என்று வயலில் செடி வளர்த்தே பார்த்தார். பிரேசில் காட்டில் தண்டைத் துளையிட்டால் டீசல் போன்ற திரவம் வடியும் மரத்தையும் அவர் தேடிப் போய்ப் பார்த்தார். நம் நாட்டு ரப்பர் பால்கூட ஹைட்ரோகார்பன்தான். இதெல்லாம் தெரிந்த ஒருவரால்தான் ராமர் பிள்ளையின் சட்டியைப் பார்த்து, 'இருக்கலாமே' என்று நினைக்க முடியும். ஒன்றும் தெரியாதவருக்கு அந்தச் சபலமே வராது.

சறுக்கிய இடம் வேறு. அந்த அறையில் கேட்கப்பட்ட கேள்விகளைப் பாருங்கள். எரிகிறதா? எரிகிறது. எஞ்சின் ஓடுகிறதா? ஓடுகிறது. சோதித்தால் ஹைட்ரோகார்பன் என்று வருகிறதா? வருகிறது. மூன்று கேள்விக்கும் மூன்று 'ஆம்'.

கடையில் வாங்கிய பெற்றோலை அந்தச் சட்டிக்குள் யாராவது ஊற்றியிருந்தாலும் மூன்று கேள்விக்கும் அதே மூன்று 'ஆம்' தானே வந்திருக்கும்?

எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அந்த நேரத்தில் யாரும் அழுத்திக் கேட்கவில்லை. சட்டியைப் பார்த்தார்கள், தண்ணீரைப் பார்த்தார்கள், இலையைப் பார்த்தார்கள். கோல் மட்டும் கலக்குகிறவர் கையிலேயே இருந்தது.

* * *

அறுகம்பே வாதம்

இங்கே கதையைச் சற்று நிறுத்திவிட்டு நம் கரைக்கு வருகிறேன். இந்தத் தொடர் தொடங்கியதிலிருந்து கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் சந்திக்கிறவர்கள், அறுகம்பேயில் படகு இழுத்துவிட்டுத் தேநீர்க் கடையில் குந்துகிறவர்கள், எல்லாரும் என்னிடம் ஒரே வாதத்தைத்தான் வைக்கிறார்கள். ஒரு நாள் அது இப்படிப் போனது.

"காக்கா, நம்மட எஞ்சின் மண்ணெண்ணெய்ல ஓடல்லயா? அப்ப இலைச் சாத்துல ஏன் ஓடாது?" என்றார் இளையவர்.

மூத்தவர் சிரித்தார். "மண்ணெண்ணெய்ல ஓடுறதுக்கும் முதல்ல பெற்றோல்லதான் ஸ்டார்ட் பண்றம், தம்பி. அத நம்ம யாரும் ஒளிக்கல்லயே."

அந்தப் பதிலை நான் இன்றுவரை விடவில்லை. இந்த அத்தியாயத்துக்கு அதைவிட நல்ல திறவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் கரையில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின்களில் மண்ணெண்ணெய்க்கு என்றே செய்யப்பட்டவை ஏராளம். மண்ணெண்ணெய் குளிரில் லேசில் ஆவியாகாது. ஆகவே கொஞ்சம் பெற்றோலில் எழுப்பி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இதைத் தெரியாத மீனவர் கிடையாது.

வடக்கில் இதைவிடப் பெரிய பாடசாலையே நடந்தது. 1990 இல் போர் மீண்டும் வெடித்து யாழ்ப்பாணத்துக்குத் தடை விழுந்தபோது பெற்றோல் மருந்து போல ஆனது. அங்கே மனிதர்கள் என்ன செய்தார்கள்? மோட்டார் சைக்கிளையும் பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சிறு போத்தலில் பெற்றோல் வைத்துக்கொண்டு காபரேட்டருக்குள் கொஞ்சம் விட்டு எழுப்புவார்கள், பிடித்துக்கொண்டால் மண்ணெண்ணெய். பழைய எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு. அதனால் அவை அந்தத் தரம் குறைந்த எரிபொருளையும் இருமிக்கொண்டே தாங்கின. புது வண்டிகள் தாங்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். ஜாம் போத்தலில் பஞ்சு வைத்துச் சிக்கன விளக்கு செய்து பிள்ளைகளைப் படிப்பித்தார்கள்.

கவனியுங்கள்: அங்கே கண்டுபிடித்தவர் யார் என்றே ஒருவருக்கும் தெரியாது. காப்புரிமை இல்லை, முதலீடு கேட்கவில்லை, மந்திரி வரவில்லை. ஒருவர் செய்ததை அடுத்த ஒழுங்கையில் இன்னொருவர் செய்தார், அவருக்கும் ஓடியது. புகை எவ்வளவு வரும், எஞ்சின் எத்தனை மாதத்தில் கெடும் என்ற குறையும் சேர்ந்தே பரவியது.

ஆகவே எரிபொருளை மாற்றிப் போடலாம் என்ற நம்பிக்கை நம் மக்களுக்கு ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. கையால் செய்து பழகிய நம்பிக்கை அது. 2022 இல் அது மறுபடி கிளறப்பட்டது. பெற்றோல் செட்டில் நாள் கணக்கில் வரிசை. பிறகு கியூஆர் அட்டை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லீற்றர். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் தாவியது. வாடியில் படகைக் கவிழ்த்து வைத்தவர்களின் கைபேசியில் அந்த மாதங்களில் சுற்றிய காணொளிகளைச் சொல்லத் தேவையில்லை: தண்ணீரில் ஓடும் எஞ்சின், காந்தத்தில் சுற்றும் மோட்டார், எண்ணெய்க் கம்பனிகள் ஒளித்துவைத்த இரகசியம்.

அந்த மாதங்களில் நம்பியவரை நான் குறை சொல்லமாட்டேன். ஒளிக்கிறவரையும் ஒளிக்காதவரையும் பிரித்துப் பார்க்கும் கண் அந்த மூத்தவருக்கு இருந்தது. தில்லியில் ஒரு சில வாரங்கள் அது இல்லாமல் போயிற்று.

* * *

ஒரு பிடி இலை

இப்போது கணக்குக்கு வருவோம். ராமர் பிள்ளையை மடக்க ஆய்வுகூடமே வேண்டியதில்லை. சமையலறைத் தராசு போதும்.

ஒரு லீற்றர் பெற்றோலின் எடை ஏறத்தாழ 740 கிராம். அதில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு கார்பன், அதாவது சுமார் 630 கிராம். இந்தக் கார்பன் தண்ணீரிலிருந்து வர முடியாது. தண்ணீரில் கார்பனே இல்லை. உப்பிலும் இல்லை. இலையிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

எலும்பாகக் காய்ந்த இலையில் கார்பன் பாதிக்கும் குறைவு. நூற்றுக்கு நாற்பத்தைந்து என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு துளி கார்பன்கூட வீணாகாமல் அத்தனையும் பெற்றோலாக மாறினாலே ஒரு லீற்றருக்குக் குறைந்தது 1.4 கிலோ காய்ந்த இலை வேண்டும். பச்சை இலையில் முக்கால் பங்கு தண்ணீர். அப்படிப் பார்த்தால் ஐந்தாறு கிலோ. இன்னும் ஒன்று: அந்த லீற்றர் எரியும்போது தரும் வெப்பம், அதே எடைக் காய்ந்த இலை தருவதைவிட மிக அதிகம். அந்தக் கணக்கையும் சேர்த்தால் காய்ந்த இலையே ஏறத்தாழ இரண்டு கிலோ வேண்டும்.

ஒரு பிடி இலையைப் போட்டுச் சில நிமிடம் கொதிக்க வைத்துப் போத்தல் கணக்கில் எரிபொருள் எடுப்பதாகச் சொன்னால், மிச்சக் கார்பன் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்க வேண்டும்.

செடியிலிருந்து எரிபொருள் எடுப்பது நம் அம்பாறை மாவட்டத்துக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹிங்குராண சீனித் தொழிற்சாலையைத் தெரியாதவர் இங்கே இல்லை. கரும்பிலிருந்து எதனோல் வடிக்கிறார்கள். அதில் எஞ்சின் ஓடும், பிரேசிலில் கோடிக்கணக்கில் ஓடுகிறது. ஆனால் ஒரு தொன் கரும்பை அப்படியே சாறாக்கி நொதிக்க வைத்து வடித்தால் எழுபது, எண்பது லீற்றர்தான் தேறும். லீற்றருக்குப் பதின்மூன்று, பதினாலு கிலோ கரும்பு. வயல் வேண்டும், தண்ணீர் வேண்டும், லொறி வேண்டும், கொதிகலன் வேண்டும். உண்மையான செடி எரிபொருளுக்குப் பின்னால் இப்படி ஒரு பெரிய சுமை எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும். ராமர் பிள்ளையின் சட்டிக்குப் பின்னால் அந்தச் சுமை இல்லை. சந்தேகம் அங்கேயே தொடங்கியிருக்கலாம்.

வேறு ஒரு வழியும் இருந்தது, அதுவும் பிழைக்காத வழி. உயிருள்ள செடியில் கார்பன் 14 என்ற கதிர்வீச்சுள்ள அணு கொஞ்சம் இருக்கும். அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. நிலத்தடிப் பெற்றோலியமோ கோடிக்கணக்கான ஆண்டு பழையது. அதில் அந்த அணு அற்றுப்போயிருக்கும். போத்தலில் இருப்பது போன வாரம் பறித்த இலையின் எண்ணெயா, கிணற்றிலிருந்து வந்த எண்ணெயா என்று இந்தச் சோதனை ஒரே தடவையில் பிரித்துவிடும். அகமதாபாத்தில் அதற்கான கூடமும் இருந்தது.

* * *

கோல் கைமாறியபோது

இலையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமும் வாதாடலாம். கோலை வைத்துக்கொண்டு முடியாது.

சென்னை ஐஐடி சோதனையின்போது அவரிடமிருந்து அந்த எண்ணெய் வரவில்லை. பார்வை சட்டியிலிருந்து விலகிக் கலக்கும் கோலுக்குத் திரும்பியது. பின்னர் பரவலாக வெளிவந்த விளக்கம் இதுதான்: கோல் உள்ளே துளையுள்ளது. அந்தத் துளைக்குள் எரிபொருள். நுனி மெழுகால் அடைக்கப்பட்டிருக்கிறது.

விளக்கத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். பரஃபின் மெழுகு ஐம்பது, அறுபது பாகை வெப்பத்திலேயே உருகும். சட்டியில் இருப்பது கொதித்த தண்ணீர். கோலை உள்ளே விடுகிறார். கூட்டம் சட்டியைப் பார்க்கிறது. மெழுகு இளகுகிறது. கோல் சுற்றுகிறது. உள்ளே இருந்தது சத்தமில்லாமல் தண்ணீரில் கலக்கிறது. எரிபொருள் தண்ணீரைவிட இலேசு, மேலே வந்து மிதக்கிறது. தெளியவிட வேண்டும் என்று அவர் சொன்ன அந்த இடைவேளையும் அதற்குள் பொருந்திவிடுகிறது.

எவ்வளவு கொள்ளும்? இரண்டு சென்ரிமீற்றர் உட்துளை, அரை மீற்றர் நீளம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். சுமார் 157 மில்லிலீற்றர். பற்றவைத்துக் காட்டவும் மோட்டார் சைக்கிளைக் கொஞ்சத் தூரம் ஓட்டிக் காட்டவும் தாராளமாகப் போதும். ஒரு நாட்டை ஓட்டத்தான் போதாது.

இந்த இடத்தில் எனக்கு ஆபிரகாம் கோவூரின் நினைவு வராமல் இருக்காது. கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்து, கொழும்பில் பகுத்தறிவாளர் சங்கத்தை நடத்தியவர். அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று 1960களில் அறிவித்தார். அந்த நாளில் ஒரு இலட்சம் என்றால் கொழும்பில் வீடே வாங்கலாம். ஆனால் அறிவிப்பில் ஒரு நிபந்தனை: ஏமாற்ற இடமில்லாத சூழலில் செய்து காட்ட வேண்டும். 1978 இல் அவர் கண் மூடும்வரை அந்த இலட்சத்தை யாரும் வாங்கவில்லை.

கோவூர் தாவரவியல்காரர். ராமர் பிள்ளையின் முன்னால் அவர் நின்றிருந்தால் செடியின் பெயரைத்தான் முதலில் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்து, தாம் கொண்டுவந்த கோலை நீட்டியிருப்பார்.

இயற்கை விஞ்ஞானியை ஏமாற்றுவதில்லை. அணு ஒளித்து விளையாடாது. நட்சத்திரம் பொய்க் கணக்குக் காட்டாது. வாழ்நாள் முழுக்க அப்படிப்பட்டவற்றோடு பழகியவர், எதிரில் நிற்பவரின் சட்டைக் கைக்குள் பார்க்கப் பழகியிருக்கமாட்டார். அதற்கு மந்திரவாதியோ, சந்தையில் மீன் எடை போட்டு வாங்கிப் பழகிய உம்மாவோ வேண்டும்.

* * *

அடங்காத தீ

சரி, கோல் பிடிபட்டது. கதை 1996 இலேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

தோற்றுப்போனது சோதனை என்று ஆதரவாளர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. தோற்கடிக்கப்பட்டது ஒரு தமிழன், ஒரு கிராமத்தான், படிக்காதவன் என்று எடுத்துக்கொண்டார்கள். ஐஐடி மேட்டுக்குடி, தில்லி வடக்கு, எண்ணெய்க் கம்பனிகள் வெளிநாடு. இந்த மூன்றும் சேர்ந்து ஏழையின் கண்டுபிடிப்பை அமுக்கிவிட்டன என்ற கதை, ஹைட்ரோகார்பன் கணக்கைவிட வேகமாக ஓடும். அதில் ஒரு துளி உண்மையும் இருப்பதுதான் சிக்கல்: கிராமத்துக் கைவினைஞரின் சொல்லைப் பட்டம் வாங்கியவர்கள் மதிக்காத வழக்கம் நம் நாடுகள் இரண்டிலும் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது. அதை ஏறி உட்காரும் குதிரையாக ராமர் பிள்ளை பாவித்தார் என்பதே என் கருத்து.

1999, 2000 ஆம் ஆண்டுகளில் அவருடைய எரிபொருள் விற்பனைக்கே வந்தது. 'ராமர் பெற்றோல்', 'ராமர் தமிழ்தேவி மூலிகை எரிபொருள்' என்ற பெயர்கள். விலை சந்தைப் பெற்றோலைவிடக் குறைவு. வண்டிகள் ஓடின. ஓடத்தானே செய்யும்? இந்தியாவின் மத்திய புலனாய்வுத் துறை கண்டது, தொலுயீன், நாப்தா முதலிய பெற்றோலியப் பொருட்களின் கலவை. எண்ணெயிலிருந்து செய்த எண்ணெயை மூலிகை என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். இதில் கிடைத்த ஆதாயம் 2.27 கோடி இந்திய ரூபாய் என்றது புலனாய்வுத் துறை.

சட்டியிலிருந்து கோலும், கோலிலிருந்து பீப்பாயும் பிறந்த மாதிரிப் பாருங்கள்: 157 மில்லிலீற்றர் ஒளிக்கக் குச்சி போதும், கடை வைத்து விற்கக் கலவைத் தொட்டி வேண்டும். வியாபாரம் வளர வளர ஒளிப்பதும் வளர்ந்தாக வேண்டும். அங்கேதான் பொலிஸ் வந்தது.

வழக்கு இழுத்தது. 2016 ஒக்டோபர் 14 ஆம் திகதி எழும்பூர் நீதிமன்றம் ராமர் பிள்ளைக்கும் வேறு நால்வருக்கும் மூன்று ஆண்டுக் கடுங்காவல் விதித்தது. முதல் சட்டி கொதித்து இருபது வருடம். அந்த இருபது வருடத்தில் கோல் கதை தெரிந்தவர்கள் எத்தனை பேர், 'பாவம், அவரை அமுக்கிட்டாங்க' என்ற கதை மட்டும் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? நம் தேநீர்க் கடையில் கேட்டுப் பார்த்ததில் இரண்டாவது கதைக்குத்தான் ஆள் அதிகம்.

* * *

கொழும்பில் ஒரு கார்

ராமர் பிள்ளையின் வழக்கு நீதிமன்றத்தில் ஊர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே இந்தக் காய்ச்சல் கடலைத் தாண்டி நம் நாட்டுக்கு வந்தது. இம்முறை இலையும் இல்லை. வெறும் தண்ணீர்.

2008. ஜூலையில் மசகெண்ணெய் பீப்பாய் 147 டொலரைத் தொட்டது. அதுவரை காணாத விலை. ஜூனில் ஜப்பானின் ஜெனிபெக்ஸ் என்ற கம்பனி தண்ணீரில் ஓடும் கார் என்று ஒன்றைக் காட்டியிருந்தது. அடுத்த பெப்ரவரிக்குள் கம்பனியே மூடிக்கொண்டது. அதே 2008 இல் இலங்கையில் துஷார பிரியமால் எதிரிசிங்க என்பவர், மூன்று லீற்றர் தண்ணீரில் முந்நூறு கிலோமீற்றர் கார் ஓட்டியதாகச் சொன்னார். பொத்துவிலிலிருந்து கொழும்புக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான்.

ஒரு லீற்றர் தண்ணீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கக் குறைந்தது 16 மெகாஜூல் சக்தி வேண்டும். வீட்டுக் கரண்ட் கணக்கில் ஏறத்தாழ நாலரை யூனிட். அவை இரண்டும் திரும்பச் சேர்ந்து எரியும்போது அதே நாலரை யூனிட்டுக்கு மேல் ஒரு துளியும் வராது. எரிந்து முடிந்த ஐதரசனின் சாம்பல்தான் தண்ணீர். இதைப் பாடசாலைப் புத்தகத்திலேயே படிக்கலாம்.

ஆனாலும் அந்தக் கார் அன்றைய பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்கவின் முன்னால் காட்டப்பட்டது. அவர் அரசின் முழு ஆதரவையும் தருவதாகச் சொன்னார். சில மாதங்களில் அதே கண்டுபிடிப்பாளர் முதலீட்டு மோசடிச் சந்தேகத்தில் கைதானார்.

தமிழ்நாட்டில் கோல் பிடிபட்டு அப்போது பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. பிரதமரின் முன்னால் வந்து நின்ற அந்தக் காரின் பொனெற்றைத் தம் கையால் திறந்து பார்க்கக் கேட்டவர், அந்தக் கூட்டத்தில் ஒருவராவது இருந்தாரா?

(தொடரும்)